எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்

தன் பெயர் எழுதிய தேர்தல் பலகைகளைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்தாள் என் மனைவி லொரெட்டா. அக்டோபர் கடைசி. மழை வேறு. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் புல்தரையில் நட்டிருந்ததை அவள் பிடுங்கித் தர, வாங்கி வண்டியின் பின்பக்கத்தில் போடுவதுதான் எனக்கு இட்ட வேலை. மூலை வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ஆர்லீன் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏய், அதைத் தொடாதே! இது என் இடம்."

"பலகையில இருக்கிறது என் பேருடீ."

"பேரு உன்னோடது. ஓட்டு என்னோடது. என்ன, கார்வர் உன்னை விலைக்கு வாங்கிட்டானா?"

லொரெட்டா பலகையை விடாமல் பிடித்திருந்தாள். ஆர்லீனின் மூன்று பிள்ளைகளும் பிறந்தது இவள் கையில்தான். இந்த ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் அவ்வளவு காலமாக நர்ஸ். ஆர்லீன் பலகையைப் பறித்துச் சேற்றில் மறுபடி குத்தி, காலால் வேறு ஒரு மிதி மிதித்து நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

இந்த வம்பெல்லாம் அந்த வார்டால் வந்ததுதான். வார்டை மூடப்போகிறோம் என்று வசந்த காலத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகம் அறிவித்தது. மாநில சட்டசபைக்கு நின்ற கார்வரும் டன்லப்பும், ஆளுக்கொரு பெரிய கட்சிக்காரர்கள், வாயே திறக்கவில்லை. லொரெட்டாவுக்கு வந்ததே கோபம்! ஊரில் ஆளே இல்லாத ஒரு சின்னக் கட்சி சார்பாக அவளே நின்றுவிட்டாள். அவள் வேட்புமனுவுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவன் நான். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? கோடை முடிவதற்குள் எங்கே திரும்பினாலும் அவள் பெயர். தன் ஓட்டைத்தான் இவள் பிரிக்கிறாள் என்று கார்வருக்குத் தெரிந்துபோயிற்று. ஒருநாள் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து, ஆப்பிள் கேக்கை வழித்துத் தின்றுவிட்டு, மறுநாள் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான்: நான் ஜெயித்தால் வார்டுக்கு மாநில நிதி கொண்டுவருவேன். கார்வர் வந்தால் நிதிக்காகக் காத்திருக்கிறோம், டன்லப் வந்தால் புத்தாண்டோடு மூடுகிறோம் என்று நிர்வாகமும் சொல்லிவிட்டது.

கேட்டது கிடைத்தாயிற்று, இனி ஒதுங்கிக்கொள்ளலாம் என்று தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். கெடு முடிந்துவிட்டதாம். ஓட்டுச் சீட்டு அச்சடித்து, வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பியும் விட்டார்களாம். "நீங்க தாராளமா விலகிக்கலாம்மா. சீட்டுல இருக்கிற பேரைத்தான் இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் அங்கிருந்த பெண். அவள் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

எங்கள் மகள் ஷெல்பிக்கு ஜனவரியில் பிரசவம். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்கவேயில்லை. வார்டு கூப்பிடு தூரத்தில் இருந்ததால் பிழைத்தாள். அடுத்த ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். ஜனவரிப் பனியில் அந்தப் பாதையில் லாரியே வழுக்கிக்கொண்டு நிற்கும். இதை நினைத்து நினைத்துத்தான் லொரெட்டா தூக்கம் கெட்டாள். தேவாலயத்தில், தீவனக் கடையில், பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானத்தில், எங்கே நாலு பேர் நின்றாலும் போய், "எனக்குப் போடாதீங்க, கார்வருக்குப் போடுங்க" என்று கெஞ்சினாள். சொல்லச் சொல்லத்தான் ஜனங்கள் பிடிவாதமானார்கள். எவ்வளவு தன்னடக்கம் பார் என்றார்கள் சிலர். மிரட்டிவிட்டார்கள் பாவம் என்றார்கள் சிலர். முடிதிருத்தும் ஓரின், என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே கேட்டான்:

"காலம் பூரா பிடிக்காதவனுக்கே போட்டுட்டு வந்தேன், வெர்ன். எவன் கொஞ்சம் கம்மியா மோசமோ அவனுக்கு. இப்பத்தான் மனசாரப் போட ஒரு ஆள் கிடைச்சிருக்கு. அதையும் வேணாங்கிறீங்களே, நியாயமா?"

நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது.

தேர்தலன்று சீட்டில் மூன்று பெயர்கள். கடைசியில் லொரெட்டா. கார்வரைக் கண்டாலே எனக்கு ஆகாது. கட்டினவள் பெயரை விட்டுவிட்டு அவன் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்க என் கைக்கு மனசே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். வெளியே வந்தால் அவள் காத்திருக்கிறாள்.

"போட்டியா?"

"போட்டேன், அந்தத் தடியனுக்கு."

"நானும்தான்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

டன்லப் ஜெயித்தான். கார்வர் தோற்ற வித்தியாசத்தைப் போல ரெண்டு மடங்கு ஓட்டு லொரெட்டாவுக்கு. விடிந்ததும் ஆர்லீன் வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். "நம்ம பக்கத்துல சின்னக் கட்சி இவ்வளவு வாங்கினதே இல்லடீ! நீ சொன்னா நாங்க கேட்டுடுவோமா?" இன்னும் யார் யாரோ வந்தார்கள். கை குலுக்கினார்கள். துக்க வீட்டில் நிற்பவள் மாதிரி லொரெட்டா ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். யாரைத் திட்ட முடியும்? எல்லோருமே பிரியத்தில் செய்தது.

அவர்கள் எல்லோரும் போகும்வரை ஷெல்பி சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். கழற்றாத கோட்டுக்குள் வயிறு முட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, திட்டாதே."

"எதுக்குத் திட்டணும்?"

"நானும் உனக்குத்தான் போட்டேன். ஊரே கார்வருக்குப் போடும்னு நினைச்சேம்மா. வீட்டு ஆளு ஓட்டு ஒண்ணுகூட உனக்கு விழலைன்னா... மனசு கேக்கல."

லொரெட்டா மகள் முன்னால் மண்டியிட்டு, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றின் மேல் வைத்து, வார்டில் செய்வது போலவே மெல்ல அழுத்தி நகர்த்திக்கொண்டு போனாள். ஓரிடத்தில் கை நின்றது.

"தலை இன்னும் மேலதான் இருக்கு" என்றாள். "நாள் இருக்கு. திரும்பிடும்."

கையை எடுக்கவில்லை. வெளியே யாரோ காரை நிறுத்தி, அவள் பெயரைச் சொல்லிக் கத்தி, நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.