ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. கரண்ட் மேல் பழி போட்டு என்னாலும் பேச முடியும். பேசினால் என் வாய் அழுகிவிடும்.

ஆஸ்பத்திரி சர்வர் ரூம் என் பொறுப்பு. பிணவறைக்கு வரும், யாரென்று தெரியாத உடல்களின் படங்கள் என் சர்வரில்தான் சேரும். பத்து நாள் பார்ப்பார்கள். யாரும் தேடி வராவிட்டால் நம்பர் போட்டுப் புதைத்து, துணிமணியை எரித்துவிடுவார்கள். மிஞ்சுவது படம் மட்டும்தான்.

படங்கள் இருந்த டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புது டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்தேன். நகல் எடுத்தால் பழையதன் அடையாள எண்ணும் கூடவே வந்துவிடும். அந்த எண்ணை வைத்துத்தான் சர்வர் டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கும். எனவே ஒன்றின் எண்ணை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பழையதைக் கழற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. பழையது ஒரு மாதம் பத்திரத்துக்குக் கிடக்கட்டும் என்று உள்ளேயே விட்டேன். எண்ணை மாற்றப் போகும்போது மேனேஜர் போன் அடித்தார்.

“யோவ், முடிஞ்சுதா இல்லையா?”

“முடிஞ்சுது சார்.”

பதினெட்டு வருஷம் இதே வேலை பார்த்த திமிர். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, சுத்தமாக மறந்தேன்.

ஒருநாள் கரண்ட் போய் சர்வர் அணைந்து எழுந்தது. ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க். சர்வர் பழையதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் இருபது நாள் படங்கள் அதில்தான் போய் விழுந்தன, எனக்குத் தெரியாது. மாதம் முடிந்ததும் பழையதைக் கழற்றி, விதிப்படி ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழித்தேன். பேக்கப் மெஷின் ரிப்பேராகி நாலு மாதம்.

மறுநாள்தான் தெரிந்தது, புது டிஸ்க்கில் அந்த இருபது நாள் படங்கள் இல்லவே இல்லை. குளிர்பெட்டியில் இருந்த நாலு பேரை மறுபடி படம் எடுத்தோம். ஒன்பது பேரை ஏற்கெனவே புதைத்தாகிவிட்டது. பிணவறை ஊழியரை எல்லோரும் ஐஸ் அண்ணன் என்போம். அந்த ஒன்பது பேர் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று அவரைக் கேட்டேன்.

“தெனம் பாக்குறவனுக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்டா,” என்றார்.

செவ்வாய்க்கிழமை அந்த அக்கா வந்தாள். காணாமல் போன தம்பியைத் தேடி எட்டு மாதமாக வாரம் தவறாமல் வருகிறவள், கடைசி மூன்று வாரம்தான் வரவில்லை.

“எனக்கு டைபாய்டு தம்பி, மூணு வாரமா எந்திரிக்கவே முடியல. எல்லாத்தையும் சேத்துக் காட்டுங்க.”

நாலு படம் காட்டினேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அப்பாடா, இல்ல! எங்கயோ நல்லாத்தான் இருக்கான் கழுதை. வரட்டும், காதைத் திருகுறேன்.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாயை மூடிக்கொண்டிரு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

“அக்கா, உக்காருங்க.”

ஒன்பது பேர் படம் போய்விட்டது, என்னால்தான் போய்விட்டது என்றேன்.

“அதுல என் தம்பி இருந்தானா?”

“தெரியாதுக்கா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்போ நான் எதுவரைக்கும் வரணும் தம்பி?”



அடுத்த செவ்வாயும் வந்தாள். புதிதாக மூன்று படம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் இல்லை. இந்தத் தடவை அவள் அப்பாடா என்று சொல்லவில்லை.