இறக்கைக்குள் மாட்டிய மாத்தே

கோர்தோபா விமானத் தொழிற்சாலையில் தையல்காரிகள் நாங்கள் ஆறு பேர். வரைபடம் பிரெஞ்சுக்காரர்களுடையது, அவர்களிடம் உரிமம் வாங்கிச் செய்வது நாங்கள். ஒற்றை ஆள் உட்காரும் சண்டை விமானம். விமானியின் தலைக்கு மேல் இரு பக்கமும் நீளும் அதன் ஒற்றை இறக்கைக்குத் துணி போர்த்தித் தைப்பதுதான் எங்கள் வேலை.

காலையில் ஒரே சுரைக்குடுவையில் மாத்தே இலை போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒரே உலோகக் குழலால் ஆளுக்கொரு முறை உறிஞ்சிக் கைமாற்றுவோம். அன்று என் முறை வந்தபோது மேஸ்திரி அரிகோனி வந்துவிட்டார். வேலை நேரத்தில் குடிப்பதைப் பார்த்தால் மனுஷன் தை தையென்று குதிப்பார். சட்டென்று குடுவையை இறக்கைக்குள் வைத்தேன். அவரோ நகரவே இல்லை. பக்கத்திலேயே நின்று பார்க்க, நானும் நல்ல பிள்ளையாகத் துணியை இழுத்துத் தைத்து மூடிவிட்டேன். என்ன புத்தியோ எனக்கு.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். சுரைக்காய் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் விமானத்தின் வெள்ளோட்டம். அதிகாரிகள் வந்திருந்தார்கள். விமானி லராள்தே ஏறி உட்கார்ந்து, இறக்கைக்குள் ஓடும் கம்பிகளை இழுக்கும் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். இறக்கைக்குள் 'டக்' என்றது. நான் மேஸ்திரியிடம் ஓடினேன்.

"மேஸ்திரி, கெளப்ப விடாதீங்க. எறக்கைக்குள்ள மாத்தே குடுவை இருக்கு. நான்தான் வச்சேன்."

"கொழலுமா?"

"கொழலுந்தான்."

அவர் முகம் வெளுத்தது. "கம்பியில சிக்கினா அந்தாளு உசுரோட திரும்ப மாட்டான். தெரியுமா ஒனக்கு?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். வேலைய விட்டு அனுப்பிடுங்க."

துணியைக் கிழித்தார்கள். குழலின் நுனி கம்பிக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. அப்போது ஆணியடிக்கும் ஃபெர்மின் தலையைச் சொறிந்தான்.

"அது வந்து... வால் பக்கம் என் சுத்தியல் ஒண்ணு இருக்கும்னு நெனைக்கிறேன்."

சாயம் பூசும் கிழவர் இருமினார். "சீட்டுக்கு அடியில என் மூக்குக் கண்ணாடி இருக்கான்னு பாருங்கப்பா."

லராள்தே தலையை வெளியே நீட்டினார். "ஏம்ப்பா, குடித்தனமே நடத்துறீங்களா இதுக்குள்ள? எனக்கு எடம் இருக்கா இல்லையா?"

அதிகாரிகளே வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அரிகோனி மட்டும் சிரிக்கவில்லை. எல்லா மூடிகளையும் திறக்கச் சொல்லி, சுத்தியலையும் கண்ணாடியையும் அவரே வெளியே எடுத்தார்.

கிழித்த இடத்தை நானே தைத்தேன். சாயம் காய்ந்து இரண்டு நாள் கழித்து விமானம் பறந்தது. மலைப்பக்கம் ஒரு வட்டமடித்துப் பத்திரமாக இறங்கியது. நான் ஒரு மூலையில் நின்று அழுது தீர்த்துவிட்டு, கத்தரிக்கோலைக் கொண்டுபோய் அரிகோனியிடம் நீட்டினேன்.

"எதுக்கு இது?"

"கணக்கு முடிச்சிடுங்க."

"இங்க பாரு நெலிதா, உள்ள எதை விட்டோம்னு அவனவனுக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. மொதல்ல வாயத் தொறந்தவ நீதான்." கத்தரிக்கோலை என் பக்கமே தள்ளினார். "அடுத்த எறக்கை மூடாம கெடக்கு. நீ உள்ள பாத்துட்டேன்னு சொன்னாத்தான் இனிமே எவனும் மூடணும். போ."

போனேன். கண் கலங்கியதில் மூன்று தடவை முயன்றும் ஊசியில் நூல் ஏறவில்லை.