இரண்டு போர்க்கப்பல்களும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

மாமனார் ஒரு காலத்தில் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டியவர். அவருடைய முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது; வீட்டுப் பூனை மட்டும் அவ்வப்போது அதில் படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைகள் இருவருக்கும் பழங்காலப் பாய்மரப் போர்க்கப்பல்களின் மாதிரி செய்வதில் பித்து. யாருடைய கப்பலில் பிழை இல்லையோ, அதற்கே பெட்டி என்று அவர் சொல்லிவிட்டார். அன்று தொடங்கி, பல் மருத்துவரான மூத்தவரும் கடிகாரம் பழுதுபார்க்கும் இளையவரும் சாப்பாட்டு மேசையில்கூடக் கயிறு முறுக்கினார்கள்.

அலை செதுக்கிய பலகைகளோடு கப்பல்கள் வந்திறங்கிய ஞாயிறன்று, மாமனார் குளித்துவிட்டு வருவதற்குள், சகலைகள் ஒருவர் கப்பலை மற்றவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர்.

"கயிற்றேணி பிரமாதம் சகலை. ஒவ்வொரு முடிச்சும் பல்லு மாதிரி வரிசையா இருக்கு" என்றார் கடிகாரக்காரர்.

"உங்க பீரங்கி மட்டும் என்னவாம்? பக்கத்துல நிக்கவே பயமா இருக்கு" என்றார் மருத்துவர்.

புகழ்ந்துகொண்டிருக்கும்போதே கடிகாரக்காரர் ஒன்றைக் கண்டுகொண்டார். மருத்துவரின் கப்பலில் பாய்கள் முன்பக்கம் புடைத்திருந்தன. அப்படியானால் காற்று பின்னாலிருந்து வீசுகிறது. கொடியோ, காரில் கட்டிய கொடியைப் போலப் பின்பக்கம் பறந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைத் திருப்பி ஒட்டியிருக்கலாம். அவரோ உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். மருத்துவரும் ஏனோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

மாமனார் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"மூத்த மாப்பிள்ளை, பாய்க்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தா?"

கடிகாரக்காரர் அடக்கத்தோடு பெட்டியின் கதவைத் திறக்கப் போனார்.

"நீங்க அவசரப்படாதீங்க. எல்லாப் பாயையும் விரிச்சு, நுரை பறக்க ஓடுறீங்க. நல்லது. அப்புறம் எதுக்கு நங்கூரத்தைக் கடலுக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்க?"

கடிகாரக்காரர் வாரக்கணக்கில் முறுக்கிய நங்கூரக் கயிறு அது. கப்பலுக்குள் சுருட்டி ஒளித்துவைக்க மனம் வராமல், நாலு பேர் பார்க்கட்டும் என்று தொங்கவிட்டிருந்தார்.

"அவர் கொடியை நீங்க பாக்கலையா?"

"பாத்தேன் மாமா."

"மூத்தவரே, இவர் நங்கூரத்தை?"

"கண்ணுல பட்டுச்சு மாமா."

"ரெண்டு பேரும் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? சரி, இனிமே அவர் கப்பலை நீங்க சரி பண்ணுங்க, உங்க கப்பலை அவர் சரி பண்ணட்டும். இங்கேயே உக்காந்து. எது முதல்ல சரியாகுதோ, அது பெட்டிக்குள்ள."

சகலையின் கப்பலைச் சீக்கிரம் சரிசெய்து பெட்டிக்குள் அனுப்ப யாருக்கு மனம் வரும்? மருத்துவர் நங்கூரத்தை இன்னும் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார். கடிகாரக்காரருக்குப் பொருத்தமான பசை இன்னும் கிடைத்தபாடில்லை. ஆனாலும், தம் கப்பலில் மற்றவர் கை எங்கே படுமோ என்ற கவலையில் இருவரும் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை.

"இது எப்பப்பா முடியும்?" என்றாள் இளைய மகள்.

"முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாப்பாங்க. இப்ப வாரா வாரம் வர்றாங்க. எதுக்கும்மா முடியணும்?"

பெட்டிக்குள் பூனை தூங்குகிறது. அதில் மட்டும் இதுவரை யாரும் பிழை கண்டுபிடிக்கவில்லை.