மூன்றாவது சுற்றுக்கு முன்

அத்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கூடத்தில் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள் சிந்துஜா. இலக்கியா அடுத்த வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். செத்தது அவளுடைய அம்மா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"போறியாடி?" என்றாள்.

எங்கே என்று சிந்துஜா கேட்கவில்லை. அன்றிரவு சென்னையிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போக அவளுக்கும் அத்தை விருத்தாம்பாளுக்கும் அடுத்தடுத்த இருக்கைகள். மொழிபெயர்ப்பில் வந்த ரஷ்ய நாவல்களைக் கடலூருக்கும் சிதம்பரத்துக்குமாகப் பஸ்ஸில் கொடுத்தனுப்பி, ஒருவர் மாற்றி ஒருவர் படித்தவர்கள். அந்த நாவல்களில் வருகிற நதியோரம் ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. டிக்கெட் போட்ட நாளிலிருந்து அத்தை பாலில்லாத டீ குடித்துப் பழகினாள். "கஷாயமாட்டம் இருக்குடி. ஆனா அவுங்க குடிக்கிறாங்களே" என்பாள். நேற்று மாலை ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழவில்லை.

"சொல்லு. போறியா?"

"தெரியல."

தெரிந்தது. போகத்தான் ஆசை. அதை இந்த வீட்டில், இன்றைக்கு, எந்த வாயால் சொல்வது?

"பாஸ்போர்ட்டயாவது எடுத்து வச்சிக்க. அம்மாதான டிராவல்ஸ்லேருந்து ரெண்டையும் வாங்கியாந்துச்சு. பீரோவப் பாத்தியா?"

"பீரோல இருக்காது. வச்சா மாமா ஒளிச்சிடுவாருன்னு, அத்த படிக்கிற புக்குக்குள்ள..."

துடைப்பம் நின்றது.

பாடையில் கிடத்தும்போது யாரோ ஒரு பெண், அவளுக்குப் பிடித்தது எதையாவது கூட வையுங்கள் என்றாள். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வெற்றிலை வைப்பதுபோல. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த தடித்த நாவலை எடுத்து, அத்தையின் மார்பில் வைத்து, கையை அதன்மேல் மடித்துவிட்டது சிந்துஜாதான். திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஐயோ" என்றாள் இலக்கியா. பிறகு ஈரக் கையோடு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"பொம்பளைங்க அங்க போகக்கூடாதுடி."

"எங்கம்மா போயிருக்குல்ல? ஏறு."

வாய்க்கால் பாலத்தைத் தாண்டியபோது பறைச்சத்தம் நின்றுவிட்டிருந்தது. சுடுகாட்டு வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அத்தையின் முகம் மட்டும் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே வறட்டியை அடுக்கியாகிவிட்டது. சுப்புராயன் மாமா மழித்த தலையோடும் தோளில் தண்ணீர்க் குடத்தோடும் தன் மனைவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுடுகாட்டில் வேலை பார்க்கும் கொளஞ்சி பின்னாலேயே போய், குடத்தில் இரண்டாவது ஓட்டையைப் போட்டார்.

"மாமா, நில்லுங்க!"

மாமாவின் தம்பி சாமிக்கண்ணு கையை விரித்து மறித்தார். "ஏ இலக்கியா, ஒனக்கென்ன கிறுக்கா? இவளையும் இழுத்துக்கிட்டு வந்து நிக்கிற? கொடத்தத் தூக்கிட்டா நிக்கக்கூடாதுண்ணே, நீ நட."

மாமா நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் அவர் முதுகில் வழிந்தது.

"என்னா?" என்றார்.

"அந்தப் புக்குக்குள்ள பாஸ்போர்ட் இருக்கு மாமா."

"யாரோடது?"

"அத்தையோடது. என்னோடதும்."

"எப்பப் பிளேனு?"

"இன்னிக்கு ராத்திரி."

கூட்டத்தில் நின்ற சிந்துஜாவின் அப்பா தரையைப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார் சாமிக்கண்ணு. "அத்தக்காரி இன்னும் வேவல, இவளுக்கு டூர் கேக்குது. காரியம் வரைக்குமாச்சும் இருப்பியா, மாட்டியா?"

வேண்டாம், எரியட்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சிந்துஜா அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"போகணும்" என்றுதான் வந்தது.

தண்ணீர் மாமாவின் வேட்டியை நனைத்து, காலடியில் தேங்கத் தொடங்கியது.

"கொளஞ்சி" என்றார் மாமா. "எடுத்துக் குடு."

கொளஞ்சி வறட்டிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். விறைத்திருந்த விரல்களை இலக்கியா குனிந்து மெல்லத் தூக்கிப் பிடித்தாள். சிந்துஜா புத்தகத்தை உருவித் திறந்தாள். முதலில் வந்த பாஸ்போர்ட்டில், இரண்டு காதும் தெரிய, சிரிக்கக் கூடாது என்று யாரோ அதட்டியதுபோல அத்தை இருந்தாள். அதற்கடியில் சிந்துஜாவுடையது.

"அவளோடத வச்சிடு" என்றார் மாமா.

"புக்கு?"

"எதுவரைக்கும் படிச்சிருக்கா?"

'கதையப் படிச்சிட்டுக் கப்பலேறப் போறாளுவோ' என்று கேலி பேசியதைத் தவிர, அந்தப் புத்தகங்களைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பாஸ்போர்ட் இருந்த பக்கத்தைப் பார்த்துச் சிந்துஜா சொன்னாள்.

"பாதி."

"அப்ப அவகிட்டயே இருக்கட்டும்."

அத்தையின் பாஸ்போர்ட்டை அதே பக்கத்தில் வைத்து மூடி, கைக்கடியில் செருகினாள். கொளஞ்சி வறட்டியை எடுத்தார். மாமா குடத்தைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது சுற்றுக்கு நடந்தார்.

கடலூருக்குத் திரும்பி, திருப்பாதிரிப்புலியூரில் தன் வீட்டில் தலைக்குக் குளித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோதும் கூந்தல் காயவில்லை. விமான நிலையத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பக்கங்களுக்கு நடுவிலிருந்து கொஞ்சம் வறட்டித் தூள் மேசையில் உதிர்ந்தது.

"தனியாவா போறீங்க?"

அவள் ஏதோ ஒரு மாதிரி தலையசைத்தாள். அவர் தூளை வாயால் ஊதிவிட்டு, முத்திரையைக் குத்தினார்.