முழுமையான சிகிச்சை

வானதி தன் பெயரில் வக்காலத்து போட்ட முதல் வழக்கு அரவிந்தனுடையது. திருவாரூரை ஒட்டிய கிராமத்தில் குத்தகைக்கு நெல் போடும் துரைராசுவின் மகன் அவன். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். சம்பா அறுப்பு மும்முரமாக நடந்தபோது, பேருந்து நிலையத்தில் சட்டைப்பையில் ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலத்தோடு போலீஸில் மாட்டிக்கொண்டான். அன்றே ஜாமீனிலும் வந்துவிட்டான்.

வானதியின் சீனியர் குணசேகரன் அந்தப் பக்கத்தில் பழுத்த வக்கீல். குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டுச் சாயங்காலமே பஸ் ஏறிவிடலாம், இதை எதற்கு இழுக்க வேண்டும் என்றார். வானதிக்கு மனம் ஒப்பவில்லை. அரவிந்தன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். தண்டனை என்று பதிவானால் போலீஸ் சான்றிதழ் கிடைக்காது. தவிர, போதைப் பழக்கம் உள்ளவனைக் குற்றவாளியாக அல்ல, நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்று சட்டக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியவள் அவள். சிறிய அளவோடு பிடிபட்டவர், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுமையான சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கே கிடையாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை இங்கே யாரும் எடுத்து வாதாடி அவள் கேட்டதில்லை.

அரவிந்தன் வாயாடி. தன்னைக் கைது செய்த ஏட்டு நடப்பதையும் பேசுவதையும் அப்படியே செய்துகாட்டி, ஆபீசில் வானதியைச் சிரிக்க வைத்தவன். மனுவில் தன்னைப் போதைக்கு அடிமை என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு போய்விட்டது.

“அறுப்பு நேரத்துல அலுப்புத் தெரியாம வண்டி ஓட்டணும் மேடம், அதுக்குத்தான் எப்பவாச்சும் இழுப்பேன். அடிமையெல்லாம் இல்ல.”

“அப்படி எழுதினாத்தான் அந்தப் பிரிவு பொருந்தும் அரவிந்தன். பேப்பர்ல ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.”

அவன் கையெழுத்துப் போட்டான். அரசு மருத்துவமனையில் இடமில்லை என்றார்கள். ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்கு நடுவில், அங்கீகாரம் பெற்ற தனியார் மறுவாழ்வு மையம் ஒன்று இருந்தது. வானதியே போய்ப் பார்த்தாள். முன்னறை சுத்தமாக இருந்தது. உள்ளே யாரையும் விடுவதில்லை என்றார்கள். நோயாளிகளின் அந்தரங்கத்தை மதிக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துத்தான் அவனைப் பார்க்க விட்டார்கள். தலையை மொட்டையடித்திருந்தார்கள். கன்னம் ஒட்டியிருந்தது. வார்டன் பக்கத்திலேயே நின்றான். எப்படியிருக்கிறாய் என்று கேட்டதற்கெல்லாம் நல்லா இருக்கேன் என்ற ஒரே பதில். வார்டனின் போன் அடித்து, அவன் வாசல்வரை நகர்ந்ததும் அரவிந்தன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவன், “அக்கா, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றான். “தண்ணி கேட்டா அடிக்கிறாங்க.”

இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தழும்பு ஓடியிருந்ததை வானதி பார்த்தாள்.

“நடுவுல வெளிய வந்தா கேஸ் திரும்பவும் வந்துரும். இன்னும் கொஞ்ச நாள்தான். பொறுத்துக்க.”

“வரட்டும்க்கா. ஜெயில்ல போட்டுருங்க என்னை.”

வெளியே வருவதற்காக எதையும் சொல்வார்கள் என்று அவள் புத்தகங்களில் படித்திருந்தாள். தழும்பைப் பற்றி வார்டனிடம் கேட்டாள். ஆரம்பத்தில் கைகால் உதறுவார்கள், விழுந்து அடிபடாமலிருக்கக் கட்டிவைப்பதுதான் என்றான் அவன், சிரித்துக்கொண்டே. அரவிந்தன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரவு வந்தபிறகு புகார் கொடுத்துக்கொள்ளலாம், இப்போது கிளறினால் எல்லாம் கெட்டுவிடும் என்று வானதி தனக்குள் முடிவு செய்துகொண்டு எழுந்தாள். அன்று அவள் போனதும், வெளியாளிடம் வாய் திறந்ததற்காக அவனை முட்டிபோட வைத்து, விழுந்த போதெல்லாம் அடித்திருக்கிறார்கள். அங்கே கூட இருந்த ஒருவன், வெகுநாள் கழித்து இதை அவளிடம் சொன்னான்.

சிகிச்சை முடிந்த சான்றிதழோடு அரவிந்தன் கோர்ட்டுக்கு வந்தபோது முன்பல் இரண்டு இல்லை. சிகிச்சை எப்படியிருந்தது என்று நடுவர் கேட்டார். நல்லா இருந்துச்சுங்க ஐயா என்றான். நடுவர் இளம் வக்கீலைப் பாராட்டிவிட்டு வழக்கை முடித்துவைத்தார். வெளியே தண்ணீர்க் குழாய் முன்னால் நின்றுகொண்டு, அந்த வழியாகப் போன கோர்ட் டவாலிச் சேவகரிடம், குடிக்கலாமா சார் என்று கேட்டான் அரவிந்தன்.

வானதி புகாரை எழுதி எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனாள். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அரவிந்தன் நாற்றுக்கட்டுகளைச் சுமந்து வயலில் எறிந்துகொண்டிருந்தான். மெஷின் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது, இனி அது அவனுக்கு ஆகாது என்றார்கள். துரைராசு வரப்பில் நின்று இவளை இரண்டு கையாலும் கும்பிட்டார்.

“முன்னெல்லாம் ஒண்ணு சொன்னா ஒம்பது பேசுவான். இப்பப் பாருங்க, உக்காருன்னா உக்காருறான், எந்திரின்னா எந்திரிக்கிறான். எல்லாம் உங்களாலதான் வக்கீலம்மா.”

அவள் புகாரை நீட்டினாள். அரவிந்தன் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான்.

“இதுல கையெழுத்துப் போட்டா திரும்ப அங்க அனுப்புவாங்களா மேடம்?”

மாட்டார்கள், சத்தியமாக மாட்டார்கள் என்றாள் வானதி. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். துரைராசு, குணமானவனை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று சொல்லிப் பேனாவை அவன் கையிலிருந்து எடுத்து இவளிடம் கொடுத்துவிட்டார். அரவிந்தன் நாற்றங்காலுக்குத் திரும்பிப் போனான்.

அவன் அம்மா மாலதி ரோடுவரை கூடவே வந்தாள். தூரத்தில் பஸ் தெரிந்ததும்தான் சொன்னாள்.

“ராத்திரில எந்திரிச்சு எங்கிட்ட வந்து, ‘அண்ணே, ஒண்ணுக்குப் போகவா’ன்னு கேக்குறாம்மா. அந்த நேரத்துல நான் யாருன்னு அவனுக்குத் தெரியல. போடான்னு நான் சொல்லணும். சொன்னாத்தான் போவான்.”

பஸ் வந்ததும் வானதி ஏறிக்கொண்டாள்.

உத்தரவின் சேதி பரவிற்று. நாகப்பட்டினத்திலிருந்து எல்லையம்மாள் என்ற மீன் வியாபாரி அதே பேருந்து நிலையத்தில் கொஞ்சம் கஞ்சாவோடு பிடிபட்ட தன் கல்லூரி மகனை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். அந்தப் பிள்ளையைத் திருத்திக் கொடுத்த மாதிரி என் பிள்ளையையும் திருத்திக் கொடுங்கள் என்றாள். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடுங்கள் என்று வானதி சொன்னாள். அந்த மையத்தில் நடப்பதையும் சொன்னாள். எல்லையம்மாளுக்குக் கோபம் வந்தது. அடிச்சாத்தானே திருந்துவான் என்றாள்.

உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த குணசேகரன் எல்லையம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மறுநாள் அச்சடித்த மனு ஒன்றை வானதியின் மேசையில் வைத்தார்.

“உன்னோட டிராஃப்ட்தாம்மா. பேரை மட்டும் மாத்தியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடு.”

போடமாட்டேன் என்றாள். அவர் அதை எடுத்துப்போய்த் தன் கையெழுத்தைப் போட்டார்.

கோர்ட் தாழ்வாரத்தில் அந்த மகன், அங்கே சாப்பாடு எப்படியிருக்கும் என்று வானதியிடம் விசாரித்தான். போகாதே, ஜெயிலே மேல் என்றாள் அவள். எல்லையம்மாள் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். நடுவர் மனுவைப் படித்துவிட்டு, ஏற்கெனவே இதே மன்றத்தில் பலன் தந்த வழிதான் என்று சொல்லி அனுமதித்தார்.

மையத்து வேன் வாசலில் நின்றது.