வாளை மறுத்தவள்

கனடாவில், யூனியன்வில்லில் அருள்நாயகத்தின் வீட்டுப் பேஸ்மன்ற்றில் அரசவை கூடத் தொடங்கியது 2017ஆம் ஆண்டு மாசி மாதம், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை மாற்றிய மறுநாள். ஃபர்னஸ் அறைக்குள்ளிருந்து மந்திரி, தளபதி, சாமரம் வீசும் பெண்கள் என முப்பத்தெட்டுப் பேர் வெளியே வந்து, காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்த அருள்நாயகத்தை மன்னா என்று விழுந்து வணங்கினார்கள். நானூறு வருடமாக அவருடைய பரம்பரையைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். மாநகரசபை அதிகாரி வந்து இத்தனை பேருக்கு ஒரு வாசல் போதாது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது வாசல் வைத்தார்கள்.

ஒரே மகள் துவாரகாவுக்கு அப்போது பதினேழு வயது. அன்றிலிருந்து அவள் இளவரசி. பள்ளிக்கூடத்துக்குப் பல்லக்கில் போகவேண்டும், கையால் ஒரு வேலையும் தொடக்கூடாது. அவள் முதல் சிக்னலிலேயே பல்லக்கிலிருந்து இறங்கி பஸ் ஏறினாள். பிறகு லிஃப்ற் திருத்தும் தொழிலுக்குப் படிக்கச் சேர்ந்தாள். மந்திரி மூன்று முறை கண்டித்தார். பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் கிடப்பதுபோல அவளுக்குள் ஏதோ மரத்துக் கிடந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

இருபத்திரண்டாவது வயதில், ஒஷாவாவில் இதேபோல் எழுந்த இன்னொரு அரசவையின் இளவரசனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். முறைப்படி மாப்பிள்ளை வரமாட்டார். அவருடைய வாள் வரும். வாள் வந்தது. ஸ்காபரோ மண்டபத்தில் அறுநூறு பேர் முன்னால், பட்டு விரித்த கதிரையில் அதைச் சாத்தி, மாலையைத் துவாரகாவின் கையில் கொடுத்தார்கள்.

"நான் போடமாட்டன் அப்பா."

"சனம் பாத்துக்கொண்டிருக்கு பிள்ளை. பேசாமல் போடு."

"உதுக்குப் போடமாட்டன்."

மாலையைக் கதிரையில் கொழுவிவிட்டு மேடையால் இறங்கினாள். மந்திரி ஏட்டை விரித்து வாசித்தார்: வாளை மறுத்த இளவரசி அந்த வாளாலேயே இறந்தவளாகக் கொள்ளப்படுவாள். சனம் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டுச் சாப்பிடப் போனது.

வீட்டில் அவளுடைய படத்துக்கு விளக்கு வைத்தார்கள். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு வந்தவர்கள் நல்ல பிள்ளை என்றார்கள்; அவள் படியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டு கேட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததிலிருந்து அருள்நாயகத்தின் கண்ணுக்கு மகள் தெரியவில்லை. அவர் நடிக்கவில்லை. சோபாவில் அவள் மடிமேலேயே உட்காரப் பார்த்தார். அவள் எழுந்து இடம் விட்டாள். அழவேண்டும் என்று நினைத்தாள். காலையில் வேலை இருந்தது.

ரெக்ஸ்டேலில் ஒரு அபார்ட்மென்ற் எடுத்துப் போனாள். தாய் யோகராணிக்கு மட்டும் அவள் தெரிந்தாள். அரியணைக்குப் பக்கத்தில் அரசியாக இருந்துகொண்டே, வெள்ளிக்கிழமைகளில் யோகராணி சாப்பாடு கட்டிக்கொண்டு ரெக்ஸ்டேலுக்குப் போய்வந்தாள். மூன்றாம் வருடம் மந்திரிக்குத் தெரிந்துவிட்டது. இறந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் அரசிக்கும் ஏட்டில் ஒரு வரி இருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகராணி பெரிய பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"என்னம்மா பெட்டியோட?"

"நானும் செத்திட்டன் பிள்ளை. வியாழக்கிழமை அந்தியேட்டி முடிஞ்சுது."

"ஆர் சமைச்சது?"

"நான்தான். கொப்பாவுக்கு வேறை ஆற்றை சமையலும் பிடியாது."

துவாரகா பெட்டியை வாங்கினாள். பாரமாக இருந்தது, கை நொந்தது. கை நோகிறது என்று தாயிடம் சொன்னாள்.

மறுநாள் கட்டட மனேஜர் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது பெயரையும் சேர்த்தார். தாங்கள் இறந்தவர்கள் என்று இருவரும் அவரிடம் சொன்னார்கள். அம்மா சிகரெட் பிடிப்பாரா என்று மட்டும் கேட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டு, கதவுக்கு இன்னொரு திறப்புக் கொடுத்தார்.