குறுக்குக் காற்று

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறி இறங்கிய வெங்கடேசனும் பிரபாவதியும் ஊருக்குத் திரும்பாமல், பள்ளிப்பட்டு சாலையிலிருந்த சின்ன விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்கள். மகள் கவிப்பிரியா விமானம் ஓட்டுவதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது வெங்கடேசனின் ஆசை.

கம்பிவேலிக்கு அப்பால் ஓடுபாதை. மேற்கிலிருந்து காற்று விட்டுவிட்டு அறைந்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம் இறங்கி வந்து, தரைக்கு மேலே தடுமாறி, மறுபடி எழும்பிப் போனது. வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்து வெங்கடேசன் கைதட்டினார்.

"இன்னாங்க, ஆடிகினே போவுது?" என்றாள் பிரபாவதி.

"நம்ம பொண்ணு ஓட்டறா. பயப்படாத."

இரண்டாம் முறை இடது சக்கரம் தரையைத் தொட்டது. அந்த நொடியில் அடித்த காற்று இடது இறக்கையைத் தூக்கிவிட்டது. வலது இறக்கையின் நுனி தரையில் இழுபட, விமானம் சுழன்று, ஓடுபாதையை விட்டு விலகி, பக்கத்திலிருந்த வறண்ட கால்வாயில் தலைகீழாய்க் கவிழ்ந்தது.

வெங்கடேசன் வேலியைத் தாண்டி ஓடினார். பயிற்சியாளர் சந்திரமோகன் உடைந்த கையோடு வெளியே ஊர்ந்து வந்திருந்தார். கவிப்பிரியா பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினாள். கண் மூடியிருந்தது. லேசாக முனகினாள். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

"இழுக்காதீங்க! முதுகுல அடி பட்டிருக்கும். ஆளுங்க வரட்டும்!" என்று சந்திரமோகன் கத்தினார்.

"பெட்ரோல் ஊத்துது சார்! எரிஞ்சிட்டா என் பொண்ணு?"

அவர் காத்திருக்கவில்லை. பெல்ட்டை விடுவித்தார். அவள் பொத்தென்று அவர் தோள்மேல் சரிந்தாள். அக்குளில் கைகொடுத்து, வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்.

விமானம் எரியவே இல்லை.

சென்னை மருத்துவமனையில் டாக்டர் அவரைத் தனியே அழைத்துச் சொன்னார். முதுகுத்தண்டு நொறுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது.

"நான் இழுத்ததாலயாங்க?"

"விழுந்தப்பவே ஆயிருக்கலாம். இழுத்தப்பவும் ஆயிருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிரபாவதி தினமும் உடம்பு துடைத்து, துணி மாற்றினாள். புண் வராமலிருக்க வெங்கடேசன் மகளைப் புரட்டிப் படுக்க வைப்பார். அக்குளில் மட்டும் கை கொடுக்க மாட்டார்; அடியில் விரித்த போர்வையோடு சேர்த்துத் திருப்புவார். கரும்பு வெட்டும் காலம் வந்தது. தன் நிலத்துப் பக்கமே அவர் போகவில்லை.

ஒருநாள் மத்தியானம், பிரபாவதி கடைக்குப் போயிருந்த நேரம், கேட்டுவிட்டார்.

"கண்ணு, நான் உன்ன இழுக்கறதுக்கு முன்னாடி... தொங்கிகினு இருந்தியே, அப்ப கால்ல உணர்வு இருந்திச்சா?"

கவிப்பிரியா அவரையே பார்த்தாள்.

"ஞாபகம் இல்ல நைனா."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா."

"இல்லன்னு சொல்றேன்ல? விடு."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உண்மையைச் சொன்னாளா, அப்பன்மேல் இரக்கப்பட்டு மறைத்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்கத் தைரியமும் இல்லை. புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் வந்திருந்தது. மெதுவாக எழுந்து கட்டிலருகே போனார்.